விறகுத் தணலில் இரும்புச் சட்டிப் பசியாறல்: முகாமில் நான்கு பேருக்குச் சமைக்கும் முழுமையான வழிகாட்டி

உருளைக்கிழங்கு, கோழிச் சொசேஜ், வெங்காயம், முட்டை ஆகியவற்றை ஒரே இரும்புச் சட்டியில், விறகு நெருப்பில், நான்கு பேர் காலையில் வயிறாரப் பசியாறும் அளவுக்குச் சமைக்கும் முறை இது. கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட், கோலா குபு பாரு, ஜண்டா பாய்க் பக்கம் சென்று ஓரிரவு கூடாரத்தில் தங்கும் குடும்பங்களையும் நண்பர் குழுக்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

முதன்முறை சமைக்க வருபவர்கள் தடுமாறுவதை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சட்டி சரியில்லை, விறகு ஈரம், காற்று ஓயவில்லை என்று அவர்கள் காரணம் சொன்னாலும், தவறு பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. வீட்டிலேயே முடித்திருக்க வேண்டிய வேலையைக் காலையில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து தொடங்குகிறார்கள். தணலுக்காகக் காத்திருக்க வேண்டிய சட்டியைச் சுவாலையின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால் மற்றவை கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

1. சட்டியும் கூட வேண்டியவையும்

நான்கு பேருக்கு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி தட்டையான வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும். ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை இருக்கும். 26 சென்டிமீட்டர் சட்டி இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான் சரியாக வரும். அதில் நான்கு பேருக்கான கிழங்கைப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வறுபடாமல் தன் ஆவியிலேயே வெந்து குழையும். ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டியை விறகு நெருப்புக்குக் கொண்டுவர வேண்டாம். தணலின் சூட்டை அளந்து கொடுக்க முடியாது என்பதால் அந்தப் பூச்சு கெட்டுப்போகும்.

புதுச் சட்டியாக இருந்தால், தோசைக்கல்லைப் பழக்குவது போலவே அதையும் வீட்டில் பழக்கியிருக்க வேண்டும். எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை காயவிட்டு, ஆறவிட்டு, மீண்டும் தடவிக் காயவைப்பதை நான்கைந்து முறை செய்தால் போதும். பழகியதா என்பதை வீட்டு அடுப்பில் ஒரு முட்டையை ஊற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முட்டை அடியில் ஒட்டினால் அந்தச் சட்டி முகாமுக்கு இன்னும் தயாராகவில்லை.

சட்டியோடு ஒரு மூடி, நீளமான இடுக்கி, விளிம்பு தட்டையான தோசைக்கரண்டி, கால் வைத்த இரும்புக் கம்பி வலை, தணலை இழுக்க ஒரு சிறு மண்வெட்டி, தடித்த பருத்தித் துணி இரண்டு, நெற்றியில் கட்டும் விளக்கு ஆகியவை வேண்டும். துணி உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரத் துணியால் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தால் துணியிலுள்ள நீர் அந்தக் கணமே கொதித்துக் கையைச் சுட்டுவிடும். அதனால் ஒரு துணியைச் சட்டிக்கென்று தனியாக ஒதுக்கி, கை துடைக்க மற்றொன்றை வைத்துக்கொள்வது என் பழக்கம்.

2. முதல் நாள் வீட்டில் முடிக்க வேண்டியவை

இந்தப் பசியாறலில் பாதி, வீட்டுச் சமையலறையில் முதல் நாளே செய்து முடிக்கப்படுகிறது. நான்கு பேருக்குத் தேவையானவை இவை: உருளைக்கிழங்கு 600 கிராம், கோழிச் சொசேஜ் 6, பெரிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை 2 ஆர்க்கு, தக்காளி 1, முட்டை 6, எண்ணெய் 5 மேசைக்கரண்டி, தடிமனாக வெட்டக்கூடிய ரொட்டி ஒன்று. முட்டையை ஆளுக்கொன்று என்று எண்ணிக் கொண்டுவராதீர்கள். வழியில் ஒன்றாவது உடையும். உடையாவிட்டால் இரண்டு பேர் இன்னொன்று கேட்பார்கள்.

கிழங்கைத் தோல் சீவி, ஒன்றரைச் சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். பெரியதும் சிறியதுமாக இருந்தால் சிறியவை கருகும்வரை பெரியவை வேகா. தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, கிழங்கைச் சேர்த்து, ஆறு அல்லது ஏழு நிமிடம் வேகவிடுங்கள். கத்தி முனை உள்ளே இறங்க வேண்டும், ஆனால் துண்டு பிளக்கக் கூடாது. இந்த முக்கால் பதத்தில் வடித்துவிடுங்கள்.

வடித்த கிழங்கை உடனே டப்பாவில் போட்டு மூடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் பட்டு நீராகி மீண்டும் கிழங்கின்மேல் சொட்டும். மறுநாள் துண்டுகள் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அகலமான தட்டில் பரப்பி, மேற்புறம் மாவு பூத்தது போல் வெளிறி உலரும்வரை ஆறவிட்டு, அதன் பிறகே டப்பாவுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஓரிரவு குளிர்ந்த கிழங்கு இறுகிவிடும். மேற்புறம் உலர்ந்திருப்பதால் சட்டியில் விரைவாகச் சிவந்து மொறுமொறுப்பாகும், திருப்பும்போது உடையாது.

கிழங்கைப் பச்சையாகக் கொண்டுவந்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். பச்சைக் கிழங்கு தணலில் வேக அரைமணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் ஒரே சீரான சூட்டைத் தரும் தணலை முதன்முறை நெருப்பு மூட்டுபவரால் காப்பாற்ற முடியாது. என் முதல் முயற்சியில் நான் செய்தது அதைத்தான். மேலே கரிந்து உள்ளே நறுக்கென்றிருந்த கிழங்கைப் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்கள். அன்றிலிருந்து கிழங்கு வேகாமல் என் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை.

மசாலாவையும் வீட்டிலேயே கலந்துவிடுங்கள். மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சீரகத்தூள் அரை, மிளகுத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை ஒரே சிறு புட்டியில் போட்டுக் குலுக்கி வைத்தால், காலையில் அரைகுறை வெளிச்சத்தில் ஐந்து புட்டிகளைத் தேடித் திறக்க வேண்டியதில்லை. வெங்காயத்தையும் மிளகாயையும் நறுக்கித் தனித்தனி டப்பாவில் போடுங்கள். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரமே இல்லாமல் உலர்த்துங்கள். ஈர இலை சூடான எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். தக்காளியை முழுதாகவே கொண்டுவரலாம்.

3. ஐஸ் பெட்டி

நம் ஊர்ப் பகலில் வெப்பம் 33 பாகையை எட்டும். இரவிலும் சமவெளியில் 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. வேகவைத்த கிழங்கும் சொசேஜும் 4 பாகையிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டியவை. வெளியே இரண்டு மணி நேரம் கிடந்தாலே ஆபத்து தொடங்கிவிடும் என்னும்போது, மாலை நான்கு மணிக்கு முகாமில் இறக்கிய பையை மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறந்து சமைப்பது தகாது.

ஐஸ் கட்டிகளைப் பையாக வாங்கிப் போடுவதைவிட, ஒன்றரை லிட்டர் குடிநீர்ப் புட்டிகள் இரண்டை முதல் நாளே உறையவைத்துப் பெட்டியில் வைப்பது நல்லது. பெரிய கட்டி மெதுவாக உருகும், உருகிய நீர் உணவில் கலக்காது, காலையில் அதையே குடிக்கலாம். சொசேஜை உறைந்த நிலையிலேயே பெட்டியின் அடியில் வையுங்கள். அதுவும் ஒரு ஐஸ் கட்டியாக இருந்து, விடியும்போது வெட்டும் பதத்துக்கு இளகியிருக்கும்.

பானங்களுக்கு வேறொரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் யாராவது குளிர்பானத்துக்காகத் திறந்து மூடும் பெட்டியில் குளிர் நிற்காது.

ரொட்டியையும் முட்டையையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடக் கூடாது. நீள்வால் குரங்குகள் விடியலிலேயே வந்துவிடும், பையின் சரசரப்பே அவற்றுக்கு அழைப்பு. கொக்கி போட்டு மூடும் பெட்டியில் வைத்து, பெட்டியை வாகனத்துக்குள் பூட்டிவிட்டுத் தூங்குங்கள்.

4. விறகு

காட்டில் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். வனக் காப்பகங்களில் மரம் வெட்டுவதற்கு அனுமதி இல்லை. கீழே கிடப்பவையும் நம் மழையில் ஊறி உள்ளே பஞ்சாக உளுத்துப் போனவைதாம். ஆற்றோர மரங்களில் ரெங்காஸ் போன்றவையும் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். அடையாளம் தெரியாத மரத்தைத் தொட்டு வெட்டுவதும் அடுப்பில் வைப்பதும் வேண்டாத வினை.

ரப்பர் மரக் கட்டைகள் நமக்கு ஏற்றவை. நன்றாகக் காய்ந்திருந்தால் சீராக எரிந்து நல்ல தணல் தரும். முகாம்களில் கட்டாக விற்பார்கள். வாங்கும்போது இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்த கட்டை கணீரென்று ஒலிக்கும், ஈரக் கட்டை மொத்தென்று ஒலிக்கும். முனையில் வெடிப்புக் கோடுகள் இருப்பதும் காய்ந்ததற்கு அடையாளம். ஒரு காலைச் சமையலுக்கு மணிக்கட்டுப் பருமனுள்ள பிளந்த கட்டைகள் பத்துப் பன்னிரண்டு போதும். முழு உருளைக் கட்டையாக இருந்தால் பாராங் கத்தியால் பிளந்துகொள்ளுங்கள். மழையில் நனைந்த கட்டையும் உள்ளே உலர்ந்திருக்கும்; பிளந்த முகம்தான் முதலில் தீப்பற்றும்.

பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, சரக்கு ஏற்றும் தட்டுப் பலகை ஆகியவற்றை எரிக்கக் கூடாது. அவற்றில் ஏறியிருக்கும் பசையும் மருந்தும் புகையாகி உணவில் படியும். மூங்கிலைக் கணு உடைக்காமல் நெருப்பில் போடக் கூடாது. மூடிய கணுவுக்குள் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும்.

மழை நாளென்று தெரிந்தால் இரண்டு கிலோ கரியும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். கோலா செப்பேத்தாங் உலைகளில் தயாராகும் பாக்காவ் (அலையாத்தி) மரக் கரி இறுகியது, நீண்ட நேரம் நின்று எரியக்கூடியது. விறகு கைவிட்டாலும் கரித் தணலில் சமையலை முடித்துவிடலாம். புகைமூட்டம் சூழ்ந்த நாள்களில் விறகு நெருப்பே வேண்டாம். வீட்டிலிருந்து எரிவாயு அடுப்பைக் கொண்டுபோங்கள்.

5. நெருப்புக்கான இடம்

முகாம் நடத்துபவர் நெருப்புக்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் அதைத் தவிர வேறிடத்தில் மூட்ட வேண்டாம். ஒதுக்கவில்லை என்றால் முதலில் கேளுங்கள். கூடாரத்திலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி, மேலே கிளை தாழாத, கீழே சருகு கூட்டிப் பெருக்கிய வெறும் மண் வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, கூடாரம் புகைக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி அமையுங்கள்.

ஆற்றின் நடுத்திட்டும், நீரை ஒட்டிய கூழாங்கல் பரப்பும் பார்க்க அழகாக இருக்கும். அங்கே அடுப்பு வைக்காதீர்கள். நாம் இருக்குமிடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை, ‘கெபாலா ஆயர்’ என்று இங்கே சொல்லப்படும் திடீர் வெள்ளமாகச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் சட்டியையும் சாமானையும் விட்டுவிட்டு ஆள்களோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அதே ஆற்றுக் கற்களை எடுத்து அடுப்பு கட்டுவதும் தவறு. நீரில் கிடந்த கல்லின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும். சூடேறும்போது அது ஆவியாகிக் கல்லைப் பிளக்கும், சில்லு கண்ணில் தெறிக்கலாம். செங்கல் அல்லது கால் வைத்த கம்பி வலை போதும்.

6. நெருப்பு மூட்டுதல்

இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். எட்டு மணிக்குப் பசியாற வேண்டுமென்றால் ஆறரைக்கு, இருட்டிலேயே, நெருப்பு மூட்டத் தொடங்க வேண்டும். விறகு தணலாக நாற்பது நிமிடமாவது எடுக்கும். இந்த நாற்பது நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காததால்தான் பசியோடு எழுந்தவர்கள் சுவாலையில் சட்டியை வைத்துவிடுகிறார்கள்.

அடுப்பின் வடிவத்தைக் குடம்போல் எண்ணிக்கொள்ளுங்கள். குடத்தின் வயிறு இருக்குமிடத்தில் விறகு எரிகிறது. கழுத்து இருக்குமிடத்தில், இரண்டு வரிசைச் செங்கல்லுக்கு நடுவில், தணலை இழுத்துப் பரப்பிச் சட்டி வைக்கிறோம். எரியும் இடமும் சமைக்கும் இடமும் தனித்தனியாக இருப்பதால் தணல் குறையும்போது வயிற்றிலிருந்து புதுத் தணலை இழுத்துக்கொள்ளலாம், சட்டியை இறக்க வேண்டியதில்லை. ஒரே குழியில் எல்லாவற்றையும் செய்பவர்கள், சூடு குறைந்ததும் சட்டிக்கு அடியில் பச்சைக் கட்டையைச் செருகுவார்கள். உடனே சுவாலையும் புகையும் எழுந்து உணவு கரிவாடை பிடிக்கும்.

பனியில் நனைந்த தரை சூட்டை உறிஞ்சும். ஆகவே முதலில் இரண்டு தடித்த கட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் தரையில் கிடத்துங்கள். நடுவில் தேங்காய் நாரைக் கையளவு பிரித்துப் பஞ்சாக்கி வைத்து, அதனுள் கற்பூரக் கட்டி இரண்டு வையுங்கள். அதன்மேல் பென்சில் பருமனுள்ள சுள்ளிகள், பிறகு விரல் பருமன், பிறகு மணிக்கட்டுப் பருமன் என்று ஏறுவரிசையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். காற்று வரும் பக்கத்திலிருந்து தீ வையுங்கள், அப்போது சுவாலை அடுக்குக்குள் சாயும். சிரட்டை இரண்டு மூன்று இருந்தால் உடைத்து மேலே போடுங்கள். நன்றாகப் பற்றிக்கொண்டு சூடான தணல் தரும்.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். ஊற்றும்போது தீ புட்டி வரைக்கும் ஏறிய விபத்துகள் உண்டு. அந்த வாடையும் உணவில் நிற்கும். கற்பூரம் இரண்டு நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடுவதால் அந்தக் கவலை இல்லை.

தீப்பற்றியதும் புதியவர்கள் தொடர்ந்து ஊதவும் கிளறவும் செய்கிறார்கள். அடுக்கைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள். இடையிலுள்ள வெற்றிடம்தான் அதற்கு மூச்சு.

சுவாலை வீணாகாதிருக்க, இந்த நேரத்தில் கேத்தலை எரியும் பக்கத்தில் வைத்துக் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவிடுங்கள். தண்ணீருக்குச் சுவாலை ஏற்றது, அது கருகாது. கையில் ஒரு கோப்பி இருந்தால் தணலுக்காகக் காத்திருப்பதும் எளிதாகும்.

7. தணலின் பதம் பார்த்தல்

‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோமே, சட்டிக்கு வேண்டியது அதுவேதான். கட்டைகள் உடைந்து செங்கங்குகளாகி, அவற்றின்மேல் மெல்லிய வெண்சாம்பல் படிந்திருக்க வேண்டும். கறுப்பு முகம் இன்னும் பாதி தெரிந்தால் பொறுங்கள்.

தணலைக் கழுத்துப் பகுதிக்கு இழுத்து, சட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக, ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். பிறகு சட்டி நிற்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பதற்குள் கையை இழுக்க நேர்ந்தால் அது கடுஞ்சூடு. நான்கு அல்லது ஐந்து வரை தாங்கினால் நடுத்தரச் சூடு; கிழங்குக்கு இதுதான் வேண்டும். ஏழு வரை தாங்கினால் இளஞ்சூடு, அது முட்டைக்கு. கடுஞ்சூடாக இருந்தால் கங்குகளைச் சற்று விலக்குங்கள், குறைவாக இருந்தால் இன்னும் இழுங்கள். தண்ணீர் தெளித்துச் சூட்டைக் குறைக்க முயலாதீர்கள். சாம்பல் பறந்து சட்டிக்குள் விழும்.

8. சட்டியை ஏற்றுதல்

கம்பி வலை சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலி சட்டியை வைத்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் தெரிந்துவிடும்: எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஓட்டுச் சில்லு ஒன்றை அந்தக் காலின் அடியில் செருகிச் சரிசெய்யுங்கள். இப்போது விட்டால், பிறகு கிழங்கு ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் எண்ணெயில் மூழ்கியும் கிடக்கும். முட்டைகள் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்.

வார்ப்பிரும்பைப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். தணலின் ஓரத்தில் இரண்டு நிமிடம், பிறகு நடுவில் மூன்று நிமிடம் என்று வையுங்கள். திடீர்ச் சூடும் திடீர்க் குளிர்ச்சியும் அதைப் பிளக்கும். உறவுக்காரத் தம்பி ஒருவர் சூடு அதிகமாகிவிட்டதென்று பயந்து, ஐஸ் பெட்டியில் உருகிய நீரைச் சட்டியில் ஊற்றினார். ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம்தான் கேட்டது. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மயிரிழை போன்ற கோடு விழுந்திருந்தது. அதன் வழியே எண்ணெய் சொட்டித் தணலில் பற்றியது. அந்தச் சட்டி அத்தோடு முடிந்தது.

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் எங்கும் சமமாகப் பரப்பாது. அடியில் கங்கு கனத்திருக்கும் இடம் கூடுதலாகக் காயும். ஆகவே மூன்று நான்கு நிமிடத்துக்கொருமுறை சட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

9. போடும் வரிசை

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், விரற்கடை அளவு வெட்டிய சொசேஜை மூன்று நான்கு நிமிடம் சிவக்க வறுத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள். இங்கே கிடைக்கும் கோழிச் சொசேஜில் கொழுப்பு குறைவு. நீண்ட நேரம் சட்டியில் கிடந்தால் ரப்பராக இறுகும். அதனால்தான் முதலில் வறுத்து எடுத்து, கடைசியில் சேர்க்கிறோம்.

அடுத்து மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அது நெளிந்து மினுங்கும்போது கிழங்கைப் பரப்புங்கள். ஒரே அடுக்காக இருக்க வேண்டும். பரப்பியபின் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்! ஐந்து நிமிடம் கிழங்கைத் தொடக் கூடாது. நான் உடனிருந்து சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஐந்து நிமிடம்தான் மிகக் கடினமாக இருந்தது. கரிந்துவிடுமோ என்று பயந்து கிளறுகிறார்கள். மேல்தோல் உருவாகுமுன் கிளறினால் கிழங்கின் பாதி சட்டியில் ஒட்டிக்கொண்டு, மீதி மசியலாகிவிடும். சிவந்த கிழங்கு தானாகவே சட்டியை விட்டுவிடும். கரண்டியைச் செருகினால் தடையில்லாமல் நழுவும். தடை இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள்.

காதும் இங்கே உதவும். சலசலவென்று சீரான சத்தம் இருந்தால் சூடு சரி. படபடவென்று தெறித்தால் அதிகம், சட்டியை ஓரத்துக்கு நகர்த்துங்கள். சத்தமே அடங்கிவிட்டால் தணல் தணிந்துவிட்டது, குடத்தின் வயிற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

கிழங்கைத் திருப்பிவிட்டு இன்னொரு நான்கு நிமிடம் விடுங்கள். பிறகு அதை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைப் போட்டு வதக்குங்கள். வெங்காயத்தை முதலிலேயே போடுபவர்கள் உண்டு. வெங்காயம் நீர் விடும்; அந்த நீரில் கிழங்கு மொறுமொறுப்பாகாது. கிழங்கு சிவக்கும் நேரத்துக்குள் வெங்காயம் கரிந்து கசந்துவிடும் என்பது மற்றொரு காரணம்.

வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, மசாலாத் தூளைத் தூவி, ஒரு நிமிடம் மட்டும் புரட்டுங்கள். தூளை வெறும் எண்ணெயில் போட்டால் தணல் சூட்டில் நொடியில் கருகும். கிழங்கின்மேல் தூவும்போது அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வறுபடும். சொசேஜைத் திரும்பச் சேர்த்து, தக்காளியை நறுக்கிக் கடைசியாகப் போடுங்கள். தக்காளியின் நீர் கிழங்கை இளக்கும், அதன் புளிப்பு நீண்ட நேரம் கொதித்தால் சட்டியின் பழக்கத்தையும் அரிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் அது தேவையில்லை.

குழுவில் சைவம் உண்பவர் இருந்தால், குறிப்பாகப் புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும், சொசேஜைத் தொடுமுன்பே அவருடைய பங்கைச் சமைத்து எடுத்துவைத்துவிடுங்கள். தெம்பே எனும் நொதித்த சோயாக் கட்டியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் பொன்னிறமாக வறுத்து, கிழங்கு, வெங்காயத்தோடு சேர்த்தால் நிறைவான உணவு. கரண்டியும் தட்டும் வேறாக இருக்க வேண்டும். சட்டியை மட்டும் மாற்றாமல், முதலில் சைவம் பிறகு மற்றது என்ற வரிசையில் செய்வதை எங்கள் குழுவில் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சட்டியும் தனியாக வேண்டும் என்பவருக்கு அப்படியே செய்துகொடுங்கள்.

10. முட்டை

முட்டை ஊற்றுமுன் சூடு குறைய வேண்டும். சட்டியின் அடியிலுள்ள கங்குகளில் பாதியை வெளியே இழுத்துவிடுங்கள். கலவையில் கரண்டியின் முதுகால் குழிகள் செய்து, ஒவ்வொரு குழியிலும் சட்டியின் அடி தெரியும்படி விலக்கி, சில சொட்டு எண்ணெய் விடுங்கள்.

முட்டையை நேராகச் சட்டியில் உடைக்காமல் ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றுங்கள். கெட்ட முட்டை ஒன்று இருந்தால் கிண்ணத்தோடு போய்விடும், சட்டி முழுவதும் பாழாகாது. ஓட்டுச் சில்லையும் வெளிச்சத்தில் பார்த்து எடுத்துவிடலாம்.

மூடியைப் போட்டு மூன்று நிமிடம் விடுங்கள். மூடி இல்லாவிட்டால் அடி தீயும், மேலே வெள்ளைக்கரு பச்சையாகவே நிற்கும். இந்த மூன்று நிமிடத்தில் ரொட்டியைத் தடிமனாக வெட்டி, கம்பி வலையின் ஓரத்தில் வைத்து இருபுறமும் வாட்டுங்கள். ரொட்டி பெங்காலி கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதன் கனத்துக்கு உள்ளே மென்மையாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வரும்.

வெள்ளைக்கரு மஞ்சளைச் சுற்றி இன்னும் லேசாக ஆடும்போதே சட்டியை இறக்கிவிடுங்கள். இரும்பு பிடித்து வைத்திருக்கும் சூட்டில் முட்டை மேலும் இரண்டு நிமிடம் வெந்துகொண்டே இருக்கும். தணல்மேல் முழுதாக வெந்ததைப் பார்த்து இறக்கினால் தட்டுக்கு வரும்போது மஞ்சள்கரு இறுகிவிடும். சிறு பிள்ளைகள், கருவுற்றவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு மட்டும் மஞ்சளும் இறுகும்வரை வேகவிட்டே கொடுங்கள்.

லிமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சையைப் பிழிவதாக இருந்தால் அவரவர் தட்டில் பிழிந்துகொள்ளட்டும், சட்டியில் வேண்டாம்.

11. சட்டியைத் துலக்குதலும் நெருப்பை அணைத்தலும்

உண்டு முடித்ததும், சட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, கேத்தலில் மிஞ்சிய வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டுங்கள். ஒட்டியிருந்தால் கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டுத் துணியால் தேயுங்கள். கழுவிய நீரையும் உணவு மிச்சத்தையும் ஆற்றில் கொட்டாதீர்கள். சட்டியை மீண்டும் தணலில் வைத்து ஈரம் முழுவதும் போகக் காயவிட்டு, எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால், நம் ஊர்க் காற்றில் வீடு சேருமுன் துரு படரத் தொடங்கிவிடும்.

கூடாரம் கழற்றத் தொடங்குமுன்பே நெருப்பை அணையுங்கள், ஏனென்றால் அணைந்ததை உறுதிசெய்ய அரைமணி நேரம் வேண்டும். கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தண்ணீரை மெதுவாக ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். புகை நின்றதோடு விடக் கூடாது. சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்துப் பார்த்து, சூடு தெரியவில்லை என்றால் சாம்பலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால்தான் அணைந்தது என்று பொருள்.

மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவது அணைப்பதாகாது. மூடிய தணல் மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மண்ணாகத் தெரியும். மதியம் அங்கே வந்து விளையாடும் பிள்ளை வெறுங்காலோடு அதில் கால் வைக்கக்கூடும்.